கீழ்வீட்டுத் தண்ணீரில் விடத் தகுந்த மீன்கள்

ஏரி இருந்த இடத்தில் தெருக்கள் வந்து, தெருக்களில் வீடுகள் வந்து, வீடுகளுக்கு ஆட்கள் வந்து, அந்த ஆட்களுக்கு அது ஏரி என்பதே மறந்துபோயிருந்த ஒரு கார்த்திகை மாதத்தில், மத்தியானச் சாப்பாட்டு வேளையில், ஏரி திரும்பி வந்தது. வந்த ஏரி மாடிப்படிகளில் ஏறியது, கார்களைத் தூக்கி மதில்மேல் வைத்தது, கட்டிலையும் கேஸ் சிலிண்டரையும் ஒரே வரிசையில் மிதக்கவிட்டது, சில நாள் தங்கியது, பிறகு சேற்றையும் பாம்புகளையும் விட்டுவிட்டு வந்த வழியே போய்விட்டது. எல்லா வீட்டிலும் தண்ணீர் வடிந்தது. ஆறாவது தெருவில் அல்லி அடுக்ககத்தின் கீழ்த்தளத்து முதல் வீட்டில் மட்டும் வடியவில்லை.

அந்த வீட்டின் கதவு திறந்துதான் கிடந்தது. ஆனாலும் தண்ணீர் வாசற்படியோடு, நிலையின் அகலத்துக்கு, இஸ்திரி போட்ட துணிபோல நேராக நின்றது. கையை விட்டால் கை உள்ளே போனது, எடுத்தால் நனைந்து வந்தது. மோட்டார் கொண்டுவந்து ஒரு பகல் முழுக்க இறைத்தார்கள். தெரு நனைந்தது, வீட்டுக்குள் மின்விசிறிக்குக் கீழே நின்ற மட்டம் விரலளவும் இறங்கவில்லை. மோட்டார்காரர்கள் குழாயைச் சுருட்டிக்கொண்டு, இன்னும் ஐந்து தெரு பாக்கி இருக்கிறது என்று போய்விட்டார்கள்.

அது பரிமளாவின் வீடு. ரவிக்கை தைத்துக் கொடுப்பவள். அவள் கணவர் தணிகாசலம் பெயிண்டுக் கடையில் கணக்கு எழுதியவர், அதிகம் பேசாதவர், பேச வேண்டியதையெல்லாம் ஹாலில் சிமெண்டு மேடைமேல் வைத்திருந்த ஒரு சின்ன மீன் தொட்டியிடம் பேசி முடித்துவிடுபவர். உடம்பில் நீலக்கோடு ஓடும் நியான் டெட்ரா மீன்கள், அவருடைய சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் நீளமானவை, ஒரு கூட்டம் அதில் இருந்தது. ஏரி வந்த அன்று முழங்கால் தண்ணீரில் இருவரும் படியேறிக்கொண்டிருக்கும்போது அவர் நின்றார்.

"மூடி சரியா உக்காரலை, பரிமளா. தண்ணி தொட்டிக்கு மேல ஏறுச்சுன்னா எல்லாம் வெளிய போயிடும். சாக்கடைத் தண்ணி அது. நீ போ, நான் வந்துடறேன்."

"உங்க மீனையே கட்டிக்கிட்டு அழுங்க," என்று சொல்லிவிட்டு அவள் மேலே ஏறினாள்.

அவர் வரவில்லை. ஏரி வடிந்தபிறகு பரிமளாவும் தணிகாசலத்தின் அண்ணன் ஏகாம்பரமும் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக, பிணவறை பிணவறையாகப் போய்ப் பார்த்தார்கள். அவரைப்போல நிறையப் பேர் இருந்தார்கள், அவர் இல்லை. வீட்டுக்குள் நின்ற தண்ணீர் அப்போது டீத்தண்ணி நிறத்தில் இருந்ததால் யாருக்கும் அங்கே தேடத் தோன்றவில்லை. பிறகு சேறு மெல்லத் தரையில் படிந்தது, தண்ணீர் தெளிந்தது, ஒரு காலையில் பால் வாங்கப் போன மூன்றாம் மாடிக்காரர் ஜன்னலில் பார்த்தார். தணிகாசலம் மீன் தொட்டியின் முன்னால் நின்றுகொண்டிருந்தார். இரண்டு உள்ளங்கைகளும் தொட்டி மூடியின்மேல் இருந்தன. கண் பாதி திறந்திருந்தது. சட்டை மட்டும் லேசாக அசைந்தது.

தீயணைப்புக்காரர்கள் வந்தார்கள். இடுப்பில் கயிறு கட்டி இழுத்தார்கள். போட்ட முடிச்சு அவிழாமல் கயிறு மட்டும் வெளியே வந்தது, அவர் நின்ற இடத்திலேயே நின்றார். உள்ளே போய்த் தொட்டவர்கள் சுவரைத் தொட்டதுபோல இருந்தது என்றார்கள். தெருமுனை டாக்டரம்மா ஜன்னல் வழியாக நெடுநேரம் பார்த்தார்.

"நெஞ்சு அசையலை," என்றார். "ஆனா தாடி வளர்ந்திருக்கு. செத்தவங்களுக்குத் தாடி வளராது."

"அப்ப உயிரோட இருக்காரா?" என்று பரிமளா கேட்டாள்.

"உயிரோட இருக்கறவங்க தண்ணிக்குள்ள நிக்க மாட்டாங்கம்மா. என்னால ரெண்டுல எதையும் எழுதித் தர முடியாது."

எனவே பரிமளா தாலியைக் கழற்றவும் இல்லை, பூ வைக்கவும் இல்லை. ஏகாம்பரம் வந்து, தாடி வளர்கிற தம்பிக்கு நான் கொள்ளி வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு, ஜன்னலைப் பார்த்துக் கொஞ்சநேரம் அழுதுவிட்டுப் போனார். படிக்கட்டுக்கு அடியில் காலியாக இருந்த வாட்ச்மேன் அறையை அவளுக்கு ஒழித்துக் கொடுத்தார்கள். அவள் வேறொரு தையல் மிஷின் வாங்கிப் போட்டு, தன் வீட்டு வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்து ரவிக்கை தைத்தாள்.

தெரு பழகிக்கொண்டது. முதலில் பயந்தது, ஜன்னலைப் பார்க்காமல் வேகமாகக் கடந்தது. பிறகு கும்பிட்டது, ஜன்னல் கம்பியில் மஞ்சள் கயிறும் எலுமிச்சம்பழமும் தொங்கின, பரீட்சைக்குப் போகிற பிள்ளைகள் ஹால் டிக்கெட்டைக் கம்பியில் தொட்டு எடுத்துக்கொண்டு போனார்கள். வேண்டியது எல்லோருக்கும் நடக்காததால் கும்பிடுவது குறைந்தது. பிறகு ஜன்னலுக்குக் கீழே நிழல் இருக்கிறது என்று ஸ்கூட்டர்களை நிறுத்தினார்கள். சித்திரையில் கொசு அதிகமானது. சுகாதார ஊழியர் ஒருவர் பாலித்தீன் பையில் கப்பி மீன்களைக் கொண்டுவந்து வாசல் வழியாக விட்டார். கப்பிகள் கொசுப்புழுவைத் தின்று பெருகின. அடுக்ககச் சங்கத்தின் செயலாளர் கிரிதரனுக்கு அப்போதுதான் அந்த யோசனை வந்தது.

கிரிதரன் கெட்டவர் இல்லை. வெள்ளத்தில் அவருடைய காரும் மகளின் கல்யாணத்துக்கு வாங்கி வைத்ததும் போயிருந்தன. ஆறாவது தெரு என்றாலே தண்ணீர் புகும் தெரு என்று வீடு வாங்க யாரும் வராமலிருந்த நாட்கள் அவை.

"தண்ணி எப்படியும் போகப்போறதில்ல," என்று அவர் கூட்டத்தில் சொன்னார். "நாம அதை அழகு பண்ணிடலாம். எல்லாருக்கும் பொதுவா ஒரு மீன் தொட்டி. ஊர்ல எங்கயும் இல்லாதது. பரிமளாம்மா, உங்களுக்கு ஆட்சேபணை இல்லியே?"

பரிமளா யோசித்தாள். ஜன்னல் வழியாகத் தெருவே அவரைப் பார்ப்பது அவளுக்குப் பிடிக்கவில்லை. "செடி வைங்க," என்றாள். "உயரமா வளர்ற செடியா. அவரை மறைக்கிற மாதிரி."

செடி வைக்கவில்லை. ஜன்னலுக்கு மேல் விளக்குப் போட்டார்கள், பார்க்க வருகிறவர்களுக்கு ஒரு பெஞ்சு போட்டார்கள், செயலாளர் எங்கிருந்தோ பாக்கு என்னும் மீன்களை வரவழைத்தார். வட்டத்தட்டு போன்ற உடம்பு, சிவந்த வயிறு, வாயைத் திறந்தால் உள்ளே மனிதப் பல் போல வரிசைப் பல். விட்டபோது உள்ளங்கை அளவு இருந்தவை, ஆடி பிறப்பதற்குள் சாப்பாட்டுத் தட்டு அளவு ஆகிவிட்டன. கப்பிகள் குறைந்தன. ஆட்கள் வந்தார்கள். தண்ணி வீடு இருக்கும் தெரு என்று தரகர்கள் சொல்லத் தொடங்க, காலியாகக் கிடந்த வீடுகளுக்குக் குடி வந்தது. தணிகாசலம் மீன்களுக்கு நடுவே தாடியும் தோளில் இறங்கிய முடியுமாக நின்றார். புதிதாகக் குடிவந்தவர்களின் பிள்ளைகள் அவரைப் பொம்மை என்று நினைத்துக்கொண்டார்கள்.

ஒரு நாள் பின்மதியம், தெரு தூங்கிக்கொண்டிருந்தபோது, பரிமளா ஜன்னல் கண்ணாடியில் படிந்த பாசியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பாக்கு மீன்கள் அவருடைய தொட்டியைச் சுற்றிக்கொண்டிருந்தன. தொட்டிக்குள் நியான்கள் ஒரு மூலையில் ஒடுங்கி, நீலக்கோடு வெளிறிப்போய்க் கிடந்தன. ஒரு பாக்கு வந்து தொட்டியின் பக்கவாட்டில் முட்டியது, மறுபடி முட்டியது, பிறகு மூடியின் விளிம்புக்குப் போய், அங்கே இருந்த விரலைக் கடித்தது. விரலிலிருந்து சிவப்பாக ஒரு இழை கிளம்பித் தண்ணீரில் மேலே போனது. கை நகரவில்லை. தணிகாசலத்தின் முகம் சுருங்கியது, உதடு கொஞ்சம் விலகியது, ஒரே ஒரு காற்றுக்குமிழி வெளியே வந்து மின்விசிறிப் பக்கம் போனது. உதடு மறுபடி இறுக மூடிக்கொண்டது.

பரிமளாவின் கையிலிருந்த துணி கீழே விழுந்தது. டாக்டரம்மாவுக்குத் தெரியாதது, தீயணைப்புக்காரர்களுக்குத் தெரியாதது, அவளுக்கு அந்தக் குமிழி மேலே போய் உடைவதற்குள் தெரிந்துவிட்டது. அவர் சாகவும் இல்லை, வாழவும் இல்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். ஏரி வந்த அன்று, இதோ வடிந்துவிடும் என்று மூடியை அழுத்திக்கொண்டு பிடித்த அதே மூச்சு. விட்டால் கை தளரும், கை தளர்ந்தால் மூடி திறக்கும், திறந்தால் அந்தக் கூட்டம் வெளியே வந்து ஒரே நிமிஷத்தில் இல்லாமல் போகும். அதற்காக அவர் இத்தனை மாதமாக மூழ்கிக்கொண்டே இருக்கிறார், மூழ்கி முடிக்காமல்.

அவளுக்கு முதலில் வந்தது கோபம். இந்த மனுஷனுக்கு மீன்தானா கிடைத்தது என்று. பிறகு அவள் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தாள். விளக்கு போடுகிற நேரம் வரைக்கும் எழுந்திருக்கவில்லை.

மறுநாள் கொளத்தூருக்குப் போனாள். தெருவின் இரண்டு பக்கமும் வளர்ப்பு மீன் கடைகள். தணிகாசலம் ஞாயிற்றுக்கிழமைகளில் போகிற கடை எது என்று விசாரித்துக் கண்டுபிடித்தாள். கடைக்காரி சகாயமேரி, வாயில் வெற்றிலையோடு, வலையால் ஒரு தொட்டியிலிருந்து செத்த மீன்களை அள்ளிக்கொண்டிருந்தாள்.

"எவ்ளோ பெரிய தொட்டிக்கா?"

"ஒரு ஹாலு, ஒரு ரூமு, சமையக்கட்டு."

சகாயமேரி வலையைக் கீழே வைத்தாள். "தணிகாசலம் சார் வீடா?"

பரிமளா எல்லாவற்றையும் சொன்னாள். விரலையும் குமிழியையும் சொன்னாள். சகாயமேரி எதையும் சந்தேகப்படவில்லை. மீன் விற்கிறவளுக்கு, தண்ணீருக்குள் எது எப்படி இருக்கும் என்பதில் ஆச்சரியம் குறைவு.

"அப்ப அந்த நியானுங்க வெளிய வந்தா பொழைக்கணும். அதானேக்கா உனக்கு?"

"ஆமா."

"பொழைக்கும்னு தெரிஞ்சா அவரு கையை எடுத்துருவாரு."

"ஆமா."

"எடுத்துட்டா?"

பரிமளா கீழே கிடந்த வலையை எடுத்துத் தொட்டி விளிம்பில் வைத்தாள். சகாயமேரி கொஞ்சநேரம் வெளியே போய் வெற்றிலையைத் துப்பிவிட்டு, வாயைக் கொப்பளித்துவிட்டு வந்தாள்.

"மொதல்ல அந்தப் பல்லு மீனை எடு. அதுங்க இருக்கற வரைக்கும் செடியும் நிக்காது, மீனும் நிக்காது," என்றாள்.

பாக்குகளை எடுக்கக் கிரிதரன் சம்மதிக்கவில்லை. அவற்றைப் பார்க்கத்தான் ஆட்கள் வருகிறார்கள் என்றார். "பொதுவான விஷயம்மா இது. நீங்க மட்டும் முடிவு பண்ண முடியாது."

"மீன் உங்களுது. வீடு என்னுது," என்றாள் பரிமளா.

அவள் புடவையை வரிந்து கட்டிக்கொண்டு, வலையோடு தன் வீட்டு வாசல் வழியாகத் தண்ணீருக்குள் போனாள். நீச்சல் தெரியாது. மூச்சு முட்டும்போதெல்லாம் வெளியே வந்து படியில் கிடந்து இரைத்தாள், மறுபடி போனாள். கையிலும் கணுக்காலிலும் கடி. சாயங்காலத்துக்குள் எல்லாப் பாக்குகளும் பிளாஸ்டிக் அண்டாக்களில் செயலாளர் வீட்டு வாசலில் இருந்தன. அவர் கதவைத் திறந்து பார்த்தார், அவள் கையிலிருந்து வழிகிற ரத்தத்தைப் பார்த்தார், உள்ளே போய்ப் பஞ்சு எடுத்துக்கொண்டு வந்தார்.

அதன்பின் பரிமளா செடி நட்டாள். அந்த ஹாலில் வெளிச்சம் குறைவு, பக்கத்துக் கட்டடம் வெயிலை மறைத்தது, அதனால் வெளிச்சம் அதிகம் கேட்காததாகப் பார்த்துக் கொடுத்தாள் சகாயமேரி. ஜாவா ஃபெர்னும் அனுபியாஸும். "இதுங்க கிழங்கை மண்ணுல புதைக்காத, அழுகிடும். எதுலயாவது கட்டி விடு, அதுவே புடிச்சுக்கும்." பரிமளா தைக்கிற நூலை எடுத்துக்கொண்டுபோய், முங்கி முங்கி, பழைய தையல் மிஷினின் சக்கரத்தில் கட்டினாள், கட்டில் காலில் கட்டினாள், பீரோக் கைப்பிடியில் கட்டினாள், கல்யாண போட்டோவின் சட்டத்தில் கட்டினாள். தரையில் படிந்த ஏரிச் சேற்றில் வேலம்பாசியை நட்டாள். அது தன் பழைய இடத்துக்கு வந்ததுபோல மளமளவென்று எழும்பியது. கணவர் காலடியில் நடும்போது அவர் பாதத்தைத் தொட்டுப் பார்த்தாள். சுவர் மாதிரிதான் இருந்தது.

மீன்களை அவள் அவசரப்பட்டு வாங்கினாள். அவர் விரலில் பார்த்த ரத்தம் அவளைத் துரத்தியது. ஒவ்வொரு நாளும் அவருக்கு இன்னொரு நாள் மூச்சு முட்டல் என்று நினைத்தாள். பைபையாக வாங்கிவந்து ஒரே நாளில் விட்டாள். வாரம் முடிவதற்குள் அவை எல்லாம் செத்து, மேலே மின்விசிறி இறக்கைகளைச் சுற்றி வெள்ளை வெள்ளையாக மிதந்தன. தண்ணீர் பால்போலக் கலங்கி அவரை மறைத்தது. அண்டையில் இருந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். நாற்றத்துக்குச் சங்கத்தில் புகார் போனது. பரிமளாவுக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். புதிதாக வந்த குடித்தனங்களில் இரண்டு காலி செய்துகொண்டு போயின.

"தண்ணி பழகணும்க்கா," என்றாள் சகாயமேரி. "இதுங்க கழிக்கிறது அதுலயே கெடக்கும். அதைத் தின்னு சுத்தம் பண்றது ஒண்ணு தண்ணிக்குள்ள உருவாகும், கண்ணுக்குத் தெரியாது. அதுக்கு நாளாகும். நாலு மீனு விடு. அது நின்னா இன்னும் நாலு. நீ ஓடுனா அதுங்க சாவும்."

"எனக்கு நாள் இல்ல மேரி."

"அவருக்கா, உனக்கா?"

பரிமளா அன்றைக்கு நடந்தே பஸ் ஸ்டாண்டுக்குப் போனாள். அவள் அவசரப்பட்டதும் உண்மை, அவசரப்படாமல் இருக்க விரும்பியதும் உண்மை. எல்லாம் ஒத்துப்போய்விட்டால் அவர் போய்விடுவார். ஒத்துப்போகாதவரை அவர் அங்கே நிற்பார், பார்க்கலாம், கண்ணாடி துடைக்கலாம். இதை யாரிடமும் சொல்ல முடியவில்லை, ஜன்னலிடம் சொன்னாள். அவர் பாதி திறந்த கண்ணோடு நின்றார்.

பிறகு மெதுவாக வாங்கினாள். ஏஞ்சல் மீனைக் கையில் எடுத்து, அதன் இறக்கையின் அழகைப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தாள். அது வளர்ந்தால் நியானை விழுங்கும். டைகர் பார்ப் வேண்டாம், சும்மா இருக்கத் தெரியாமல் அடுத்தவன் வாலைக் கடிக்கும். பளபளப்பாக எதையும் அவள் எடுக்கவில்லை. தரையில் விழுந்ததைப் பொறுக்கித் தின்று யார் வம்புக்கும் போகாத கோரி மீன்கள், அவையும் தனியாக இருந்தால் ஏங்கிப்போகும் என்பதால் கூட்டமாக. நடுத்தண்ணீரில் நீந்தும் சின்ன ரஸ்போரா மீன்கள். பாசி தின்பதற்குத் தீக்குச்சி நீளத்தில் ஒரு மீன். ஒவ்வொன்றையும் பையோடு மிதக்கவிட்டு, பைக்குள் வீட்டுத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, அது பழகியபிறகு அவிழ்த்துவிட்டாள். செத்ததை எடுத்தாள். நின்றதோடு இன்னும் நான்கு சேர்த்தாள். ஒருநாள் கிரிதரன் படியிறங்கி வந்து, அவளுக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, பையைப் பிடித்துக்கொண்டார்.

"இவ்ளோ பாத்துப் பாத்து விடறீங்களே, எதுக்கும்மா?" என்று கேட்டார்.

"அவர் கையை எடுக்கணும் சார்."

கிரிதரன் ஜன்னலைப் பார்த்தார். இத்தனை நாளும் பார்த்ததுதான். அன்றைக்கு அந்தக் கைகளை மட்டும் பார்த்தார். பிறகு அவர் மேலே போய் ஜன்னல் விளக்கை அணைத்துவிட்டார், அதற்குப் பிறகு போடவும் இல்லை.

அடுத்த மழைக்கு முன்னால் வீடு பச்சையாகிவிட்டது. ஃபெர்ன் பீரோவை மூடியிருந்தது. வேலம்பாசி அவருடைய இடுப்புவரை வந்திருந்தது. கோரிகள் அவர் பாதங்களுக்கு நடுவே கிளறிக்கொண்டிருந்தன. எதுவும் எதையும் துரத்தவில்லை. தண்ணீர் மணக்கவும் இல்லை, நாறவும் இல்லை. தொட்டிக்குள் நியான்கள் மூலையிலிருந்து வெளியே வந்து, கண்ணாடி ஓரமாக, வெளியே பார்த்து முகத்தை வைத்துக்கொண்டு, ஒரு வரிசையாக நின்றன.

பரிமளா பார்த்தாள். பார்த்துவிட்டு இன்னும் சில நாள் தள்ளிப்போட்டாள். ஒரு நாள் முழுக்கப் பழைய துணிகளைத் தைத்தாள். ஒரு நாள் அவருக்குப் பிடித்த வத்தக்குழம்பு வைத்துத் தனியாகச் சாப்பிட்டாள். பிறகு ஒரு காலையில், குளித்து, தலைமுடியை முடிந்துகொண்டு, வாசல் வழியாக உள்ளே போனாள்.

தொட்டிக்கு இந்தப் பக்கம், அவருக்கு எதிரே நின்றாள். எத்தனையோ வருஷம் அந்த இடத்தில் நின்று அவரை ஏசியிருக்கிறாள், சாப்பிட வாங்க என்று கத்தியிருக்கிறாள். தண்ணீருக்குள் பேச வழியில்லை. அவள் தன் கைகளை அவர் கைகள்மேல் வைத்தாள். முதலில் சுவர்போல இருந்தது. அவள் காத்திருந்தாள், மூச்சு முட்டியும் காத்திருந்தாள். பிறகு அது கையானது, சில்லிட்டுப்போன, நரம்பு ஓடிய, கடிபட்ட தழும்புள்ள கை. ஒவ்வொரு விரலாகத் தளர்ந்தது. மூடி மேலே மிதந்து போனது.

நியான்கள் வெளியே வந்தன. கொஞ்சம் தயங்கின. ரஸ்போராக்கள் திரும்பிப் பார்த்துவிட்டுத் தங்கள் வேலைக்குப் போயின. நீலக்கோடுகள் ஒன்றன்பின் ஒன்றாக, கல்யாண போட்டோவின் ஃபெர்னுக்குள் புகுந்து மறுபக்கம் வந்து, மறுபடி கூட்டமாகின. தணிகாசலத்தின் கண் முழுதாகத் திறந்து அவற்றின் பின்னாலேயே போனது. எல்லாம் இருக்கிறதா என்று பார்த்தார். பிறகு பரிமளாவைப் பார்த்தார், நீ ஏன் இங்கே வந்தாய் என்பதுபோல. அவர் வாய் திறந்தது. பிடித்திருந்த மூச்சு முழுவதும் பெரிய பெரிய குமிழிகளாக, நிறைய நேரம், மேலே போய்க்கொண்டே இருந்தது.

கடைசிக் குமிழி உடைந்ததும் தண்ணீர் இடிந்தது. ஒரு வருஷமாக நின்றது எல்லாம் ஒரே பாய்ச்சலாக வாசல் வழியே படிக்கட்டில் மோதி, பரிமளாவைப் புரட்டித் தெருவில் போட்டுவிட்டு, மழைநீர்க் கால்வாய்க்குள் விழுந்தது. தெரு எழுந்து ஓடிவந்தது. வாளி, குடம், சோறு வடிக்கிற குண்டான், எது அகப்பட்டதோ அதோடு வந்தார்கள். ஆட்கள் சேற்றில் மண்டியிட்டுத் துடிக்கிற மீன்களைப் பொறுக்கினார்கள். கிரிதரன் தன் ஹெல்மெட்டில் தண்ணீர் மொண்டு, நியான்களைத் தேடித் தேடி அள்ளினார். அகப்பட்டவை கொஞ்சம். மற்றவை கால்வாயில் போயின, வெயிலில் கிடந்தன, காக்கைகள் வந்தன.

பரிமளா மீன் எதையும் பொறுக்கவில்லை. எழுந்து உள்ளே போனாள். தணிகாசலம் பாசிகளுக்கு நடுவே ஒருக்களித்துக் கிடந்தார். அவர் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, தாடியில் சிக்கியிருந்த வேலம்பாசியை ஒவ்வொரு இழையாக எடுத்தாள். டாக்டரம்மா வந்து கழுத்தில் கை வைத்துப் பார்த்தார், நாடி இல்லை. உடம்பில் இன்னும் சூடு இருந்தது.

சாயங்காலம் ஏகாம்பரம் கொள்ளி வைத்தார். பெண்கள் சுடுகாட்டுக்கு வரக்கூடாது என்று பரிமளாவிடம் சொல்ல அன்று யாருக்கும் நா எழவில்லை. சுடுகாட்டில் பதிவு செய்கிறவர் நிமிர்ந்து பார்த்தார். நெஞ்சுவரை இறங்கிய தாடி, ஊறிச் சுருங்கிய விரல்கள்.

"எப்ப இறந்தாரு?" என்று கேட்டார்.

ஏகாம்பரம், போன வருஷம் வெள்ளத்தில், என்று ஆரம்பித்தார். பரிமளா அவரைத் தடுத்தாள்.

"இன்னைக்குக் காலையில," என்றாள். "நான் பக்கத்துலதான் இருந்தேன்."